பலர் கூடி எழுதும் பக்கம்

பாடசாலை மாணவன் ஒருவன் கட்டுரை எழுதுகிறான். 'எமது கிராமத்துக் குளம்' என்பது தலைப்பு. கொப்பியில் இரண்டு பக்கங்களை நிரப்பி ஆசிரியரின் மேசைமீது வைத்துவிடுகிறான். நாற்பது கொப்பிகளுள் ஒன்றாக அது அங்கே கிடக்கின்றது. ஒரு கிழமை கழித்து அது அவன் கைக்குத் திரும்பி வருகின்றது. எழுத்துப் பிழைகள் சிவப்பு மையினால் வட்டமிடப்பட்டிருக்கின்றன. அடியிலே ஓர் எண்ணும் கையொப்பமும் காணப்படுகின்றன. மாணவன் எண்ணைப் பார்க்கிறான், கொப்பியை மூடுகிறான். அடுத்த கட்டுரையிலும் அதே சொல்லை அதே பிழையுடன் எழுதுகிறான்.

இது மாணவன் குற்றமுமன்று, ஆசிரியர் குற்றமுமன்று. நாற்பது கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியருக்கு இதற்குமேற் செய்ய நேரமில்லை. மாணவனுக்கோ, தான் எழுதியதை எவரேனும் அறியும் ஆவலுடன் வாசிப்பார் என்னும் நம்பிக்கையில்லை. ஊர்க் குளத்தை ஆசிரியர் நன்கறிவார். அவர் அக்கட்டுரையைப் படிப்பது பிழை காண்பதற்கே. அதே மாணவன் கடல் கடந்த நாட்டில் வாழும் மாமனுக்குக் கடிதம் எழுதும்போது எத்துணைக் கவனம் கொள்கிறான்! தான் சொல்வது அவருக்கு விளங்கவேண்டும் என்னும் எண்ணமே அவன் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றது. மொழித்திறன் வளர்வதற்கு முதல் வேண்டுவது, சொல்வதைக் கேட்டு மறுமொழி கூறும் ஒருவர்.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கண ஆசிரியர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பவணந்தி முனிவர், தமது நன்னூலின் பாயிரப் பகுதியிலே கல்வி நிறையும் வகையை ஒரு கணக்காகவே தருகின்றார். ஆசிரியர் கூறியதை நன்றாகக் கேட்டு மனத்திற் கொண்ட மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோருடன் கூடிப் பழகுவதால் மற்றொரு காற்பங்கு. கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. ஆகவே, ஆசிரியரின் வாயிலிருந்து நேரே வருவது நாலில் ஒன்றுதான். எஞ்சிய முக்காற் பங்கும் மாணாக்கர் ஒருவரோடொருவர் உரையாடுவதிலும், விளக்குவதிலும், மறுப்பதிலும் கிடைப்பது.

தென்னாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இம்முறை நடைமுறையில் இருந்தது. மணலில் எழுத்தெழுதிப் பயின்ற சிறுவருள் முந்திக் கற்றவர் பிந்தியவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். 1789ஆம் ஆண்டு முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அதனைக் கைக்கொள்ள விரும்பாதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அடிநிலை வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்துக்குப் புதிய உருவம் கொடுத்தவர் செலஸ்தேன் பிரெனே என்னும் பிரெஞ்சு ஆசிரியர். முதலாம் உலகப் போரில் நெஞ்சிற் காயமுற்ற அவரால் வகுப்பில் நெடுநேரம் உரத்துப் பேச இயலவில்லை. 1920இல் தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் மலைக் கிராமத்துப் பாடசாலைக்கு வந்த அவர், சில ஆண்டுகளில் சிறியதோர் அச்சுப்பொறியை வகுப்பறைக்குட் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர்; எழுதியவற்றுள் நல்லதைக் கூடித் தெரிந்தெடுத்தனர்; கூடியே திருத்தினர்; ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்டனர். அச்சிட்ட தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தானிப் பகுதியின் கடலோரத்தில் இருந்த வேறொரு பாடசாலைக்குத் தபாலிற் சென்றன. கடற்கரைப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை எழுதி மறுமொழி அனுப்பினர். மலையைக் காணாதவனுக்கு மலையையும், கடலைக் காணாதவனுக்குக் கடலையும் சொற்களாற் காட்டவேண்டிய தேவை எழுந்தது. அத்தேவை எழுந்தபின் எழுத்துக் கூட்டலும் இலக்கணமும் பிள்ளைகளுக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

இன்று இணையத்தின் துணையால் மாணவர் பலர் ஒரே பக்கத்திற் கூடி எழுதும் கருவிகள், பிரெனேயின் அச்சுப்பொறிக்கும் தபாற்பைக்கும் வழித்தோன்றல்களே. அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிதல் நன்று.

1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் ஓர் அரிய காட்சியை நடத்திக் காட்டினார். மேடையில் அமர்ந்திருந்த அவரும், ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு அப்பால் ஆய்வுகூடத்தில் இருந்த அவருடைய துணைவரும் ஒரே எழுத்துப் பக்கத்தைத் தத்தம் திரைகளிற் கண்டு, ஒருவர் குரலை மற்றவர் கேட்டவண்ணம் அதனைக் கையாண்டனர். ஆயினும் அது சாதாரண மக்கள் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் என்பவர், வாசிப்போர் எவரும் உடனே திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை உருவாக்கினார். ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரை நினைவுகூர்ந்து, அத்தீவுகளின் மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் 'விக்கி' என்னும் சொல்லை அதற்கு வைத்தார். 2001 சனவரி 15இல் தொடங்கிய விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியம் அச்சொல்லை உலகறியச் செய்தது. 2006ஆம் ஆண்டு முதல் கூகிள் நிறுவனத்தின் ஆவணக் கருவியும், பின்னர் அதனையொத்த பிறவும், ஒரே நேரத்தில் பலர் ஒரு பக்கத்தில் எழுதுவதை எளிதாக்கின.

வகுப்பறையிலுள்ள கரும்பலகை ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். அதன் முன்னால் ஒருவர் நிற்க மற்றவர் பார்த்திருப்பது வழக்கம். இக்கரும்பலகையிலோ எல்லார் கையிலும் சுண்ணக்கட்டி உண்டு. ஒருவர் வவுனியாவிலும் ஒருவர் கொழும்பிலும் இருந்து எழுதினாலும், ஒருவர் இடும் எழுத்து மற்றவர் திரையிலும் உடனே தோன்றுகின்றது. எழுத்தை அழிக்காமலே பக்கத்தின் ஓரத்திற் குறிப்பு எழுதி வினவவும் இடமுண்டு. இவற்றிலும் வியப்பானது, இப்பலகை எதனையும் மறப்பதில்லை என்பது. அழித்த சொல்லும், மாற்றிய வாக்கியமும், மாற்றியவர் பெயரும், மாற்றிய நேரமும் 'வரலாறு' என்னும் பகுதியிற் பதிந்திருக்கின்றன. வேண்டுமாயின் நேற்றைய பக்கத்தை மீண்டும் பெறலாம். ஆதலின் மாணவன் அஞ்சாமல் மாற்றிப் பார்க்கலாம். ஆசிரியரும் முடிந்த கட்டுரையை மட்டுமன்றி அது உருவான வழியையும் காணலாம்.

கருவி புதிது என்பதனால் மட்டும் மொழியறிவு வளர்ந்துவிடாது. அது வளரும் வகையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கனடாவைச் சேர்ந்த மெரில் சுவெயின். அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1965ஆம் ஆண்டு முதல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் முறை தொடங்கிப் பின்னர் பிற பகுதிகளுக்கும் பரவியது. பல ஆண்டுகள் பிரெஞ்சு மொழியையே கேட்டு வளர்ந்த அப்பிள்ளைகள் அதனை நன்றாகவே விளங்கிக்கொண்டனர். ஆனால் தாமே பேசவும் எழுதவும் முற்பட்டபோது இலக்கணத்திற் பெரிதும் தடுமாறினர். கேட்பது மட்டும் போதாது. தான் கருதியதைப் பிறருக்கு விளங்கச் சொல்லவேண்டிய நெருக்கடி மாணவனுக்கு ஏற்படவேண்டும் என 1985இல் சுவெயின் எழுதினார். சொல்ல முயலும்போதே தனக்கு எது தெரியாது என்பது அவனுக்குத் தெரியவருகின்றது. இருவர் கூடி எழுதுகையில் ஒரு சொல்லைப் பற்றி அவர்கள் நடத்தும் உரையாடலே கற்றலாக அமைகின்றது என்பதையும் அவர் பிற்கால ஆய்வுகளில் விளக்கினார்.

இதனைத் தமிழ் வகுப்பொன்றில் வைத்துப் பார்க்கலாம். வன்னிப் பிரதேசத்து மாணவர் மூவரும் கொழும்பு மாணவர் இருவரும் 'எமது கிராமத்துக் குளம்' என்னும் கட்டுரையை ஒரே பக்கத்தில் எழுதத் தொடங்குகின்றனர் என்று கொள்வோம். வன்னி மாணவன் எழுதுகிறான்: 'மாரியில் குளம் வான் பாயும், கோடையில் வற்றி போகும்.' கொழும்பு மாணவி ஓரத்தில் வினவுகிறாள்: 'வான் பாய்தல் என்றால் என்ன? வானத்திலிருந்து மழை பெய்வதா?' வன்னிப் பிள்ளை திகைக்கிறான். பிறந்தது முதல் கேட்டு வரும் சொல்லுக்கு விளக்கம் வேண்டும் என்று அவன் எண்ணியதே இல்லை. யோசித்து எழுதுகிறான்: 'குளம் நிரம்பியபின் மிகுதி நீர் கட்டை உடைத்துவிடாதபடி வெளியேறுவதற்கென ஓரிடத்தைத் தாழ்வாக அமைத்திருப்பார்கள். அதனை வான் என்பர். அதன் வழியே நீர் பாய்ந்தோடுவதே வான் பாய்தல்.' சிவப்பு மை கேளாத கேள்வி அது. அக்கேள்வி இல்லையேல் அவ்விளக்கமும் பிறந்திராது.

அடுத்துப் பிறிதொரு மாணவன், 'வற்றி போகும்' என்பதில் ஒற்று வேண்டும் எனக் கூறி 'வற்றிப் போகும்' என மாற்றுகிறான். 'அப்படியாயின் வந்து போகும் என்பதிலும் ஒற்று வேண்டாவா?' என்று மற்றொருவன் மறுக்கிறான். இப்போது ஐவரும் இலக்கணப் புத்தகத்தைத் தேடுகின்றனர். இகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்பதும், 'வந்து', 'செய்து' போன்ற மென்றொடர், இடைத்தொடர்க் குற்றியலுகர வினையெச்சங்களின் பின் மிகாது என்பதும், 'கேட்டுக் கொண்டான்' என்றாற்போல வன்றொடராயின் மிகும் என்பதும் தெரியவருகின்றன. பரீட்சைக்காகப் பாடம் செய்து மறந்த விதி, வழக்காடி வென்ற பொருளாகிவிடுகின்றது. லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், 'ஒரு', 'ஓர்' என்பவற்றின் இடமும் இவ்வாறே பயிற்சியில் வந்து படிகின்றன.

எழுத்தோடு இக்கருவிகளின் பயன் முடிந்துவிடுவதில்லை. கேட்டல், பேசுதல் என்னும் திறன்களையும் அவை வளர்க்கும். 'தண்டெம்' என்னும் முறை இதற்குச் சான்று. இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் அது. 1960களில் பிரெஞ்சு, ஜேர்மன் இளைஞர் சந்திப்புகளில் வளர்ந்த இம்முறையில், ஒருவர் மொழியை மற்றவர் கற்க விரும்பும் இருவர் இணைகின்றனர். பாதி நேரம் ஒரு மொழி; பாதி நேரம் மற்ற மொழி. ஒவ்வொருவரும் ஒரு பாதியில் மாணவர், மறுபாதியில் ஆசிரியர். 1990களில் இது மின்னஞ்சலுக்கும், பின்னர் குரலும் முகமும் செல்லும் இணைய உரையாடலுக்கும் மாறியது. தன் பிழையால் நாணும் ஒருவர், சற்று நேரத்தில் மற்றவர் பிழையைப் பொறுமையுடன் திருத்தவேண்டியிருப்பதால் அந்நாணம் தானே நீங்கும்.

சொற்களின் உட்பொருளை அறிவதற்கு இம்முறை எவ்வாறு உதவும் என்பதை, 1997இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கல்லூரியில் தொடங்கிய 'கல்ச்சுரா' என்னும் திட்டம் காட்டிற்று. அங்கே பிரெஞ்சு கற்ற மாணவரும், பிரான்சில் ஆங்கிலம் கற்ற மாணவரும், ஒரே வினாக்களுக்குத் தத்தம் தாய்மொழியில் விடையெழுதினர். ஒரு சொல்லைக் கண்டதும் நினைவுக்கு வருவது யாது என்பது வினாக்களுள் ஒன்று. 'தனிமனிதப் போக்கு' என்று பொருள்படும் சொல் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவினது. அமெரிக்க மாணவர் பலருக்கு அது சுதந்திரத்தையும் தற்சார்பையும் நினைவூட்டியது. பிரெஞ்சு மாணவர் பலருக்கோ தன்னலத்தையும் தனிமையையும் நினைவூட்டியது. அகராதியில் ஒன்றாக நின்ற சொற்கள் மக்கள் மனத்தில் வேறாக நிற்பதைக் கண்ட மாணவர், 'ஏன் இவ்வாறு எண்ணுகிறீர்கள்?' என்று ஒருவரையொருவர் வினவினர். அந்த வினாக்களிலிருந்தே உரையாடல் விரிந்தது.

இலங்கையிலே தமிழ் மாணவர் சிங்களத்தையும் சிங்கள மாணவர் தமிழையும் இரண்டாம் மொழியாகப் பாடசாலையிற் கற்கின்றனர். ஆயினும் அம்மொழியைப் பேசும் தம் வயதினர் ஒருவரோடும் உரையாடாமலே பலர் கல்வியை முடித்துவிடுகின்றனர். 'அம்மா', 'அக்கா' என்னும் சொற்கள் இரு மொழிகளிலும் வழங்குகின்றன. வன்னியிலே ஒரு குளத்தைப் பற்றித் தமிழ்ப் பிள்ளையும், அநுராதபுரத்தில் ஒரு வாவியைப் பற்றிச் சிங்களப் பிள்ளையும் எழுதி, ஒரே பக்கத்தின் இரு பத்திகளில் வைத்து வாசிப்பார்களாயின், இரண்டாம் மொழி பரீட்சைப் பாடம் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து மனிதர் பேசும் மொழியாகும். இதற்கு வேண்டுவன இரண்டு ஆசிரியர்களின் இணக்கமும், கிழமைக்கு ஒரு மணி நேரமுமே.

தமிழ் மொழிக்கும் இதில் ஒரு தனி நலம் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, அதன் தொடக்க ஆண்டுகளில் இலங்கையிற் பிறந்த மயூரநாதன் போன்றோரின் உழைப்பினால் வேரூன்றிற்று. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யாழ்ப்பாணத்தவரும் தஞ்சாவூரவரும் கனடாவில் வாழும் தமிழரும் ஒரே கட்டுரையைத் திருத்துகின்றனர். ஒரு நகரின் பெயரை எவ்வாறு எழுதுவது, ஒரு கலைச்சொல்லை எவ்வாறு ஆக்குவது என்று அங்கே நடக்கும் விவாதங்கள் மாணவருக்கு நல்ல மொழிப்பாடங்கள். இலங்கையில் ஒருவகையாகவும் தமிழகத்தில் வேறுவகையாகவும் வழங்கும் சொற்கள் ஒரே பக்கத்தில் எதிர்ப்படும்போது, எது சரி என்பதைவிட எது எங்கே வழங்குகின்றது என்னும் தெளிவு பிறக்கின்றது. பல சிற்றூர்களின் குளங்களும் கோயில்களும் தொழில்களும் இன்னும் எழுதப்படாமலே கிடக்கின்றன. அவற்றை அறிந்தவர் அவ்வூர்ப் பிள்ளைகளும் அவர்தம் பாட்டன் பாட்டியரும்தாம்.

எனினும், கருவியைக் கையிற் கொடுத்தாற் போதும் என்று எண்ணுவது தவறு. 2011ஆம் ஆண்டில் இந்தியாவின் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில், மாணவர் பாடப் பயிற்சியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் திட்டம் நடத்தப்பட்டது. பெருந்தொகையான மாணவர் ஒரே காலத்தில் எழுத முற்பட்டனர். அவர்களுட் பலர் பாடநூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் பந்தி பந்தியாகப் பெயர்த்து ஒட்டினர். பிறர் எழுத்துக்கு உரிமையுண்டு என்பதும், படித்ததைச் சொந்த வாக்கியத்திற் சொல்லவேண்டும் என்பதும் அவர்களுக்குப் போதியவாறு கற்பிக்கப்படவில்லை. கலைக்களஞ்சியத்தின் தொண்டர்கள் அவற்றைக் கண்டுபிடித்து நீக்குவதிற் களைத்தனர். திட்டம் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. படித்ததைத் தன் சொல்லில் உரைக்கும் பயிற்சி முன்னே வரவேண்டும். உலகம் வாசிக்கும் பக்கம் அதன் பின்னரே வரவேண்டும் என்பதே அங்கே பெற்ற பாடம்.

வேறு இடர்களும் உள்ளன. ஐவர் பெயரில் ஒருவரே எழுத மற்ற நால்வரும் வாளாவிருத்தல் ஒன்று. வல்லவன் ஒருவன் மெலிந்தவனின் வாக்கியத்தை ஒரே அழுத்தில் அழித்துவிடுதல் மற்றொன்று. பலர் காண அழிக்கப்பட்ட பிள்ளை மீண்டும் எழுத முன்வாராது. சிவப்பு மையையாவது ஆசிரியரும் தானும் மட்டுமே கண்டனர். அண்மைக் காலத்தில் எழுந்த இடர் இன்னொன்று: 2022 நவம்பரில் 'சட்ஜிபிடி' வெளிவந்த பின்னர், கட்டளையிட்ட கணத்தில் கட்டுரையை எழுதித்தரும் இயந்திரங்கள் மாணவர் கைக்கு எட்டியுள்ளன. முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்து மதிப்பிடும் பழைய முறை இதனாற் பெரிதும் ஆட்டங்கண்டுள்ளது.

இவற்றுக்குப் பரிகாரம் ஆசிரியரின் ஏற்பாட்டில் இருக்கின்றது. குழு மூவர் முதல் ஐவர் வரை சிறிதாக இருத்தல் நன்று. ஒருவர் எழுத, ஒருவர் விளங்காத இடங்களை வினவ, ஒருவர் மொழி நோக்க, ஒருவர் தகவலைச் சரிபார்க்க எனப் பணிகளைப் பகுத்து, கிழமைதோறும் மாற்றிக்கொடுக்கலாம். பிறர் வாக்கியத்தை உடனே அழியாமல், முதலில் ஓரத்தில் வினாவாக எழுதுதல் வேண்டும் என்பதை வகுப்பின் விதியாக்கலாம். 'இது பிழை' என்பதற்குப் பதிலாக, 'இங்கே யார் வந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை' என்று எழுதப் பழக்கலாம். ஒவ்வொருவரும் முதற் பந்தியைக் கொப்பியில் தம் கையால் எழுதியபின்னரே திரைக்கு வரவேண்டும் எனலாம். பக்கத்தின் வரலாற்றை ஆசிரியர் வாரத்துக்கொருமுறை பார்த்தால், யார் எழுதினார், யார் உறங்கினார், எந்தப் பந்தி ஒரே கணத்தில் வந்து விழுந்தது என்பன தெரிந்துவிடும். புள்ளியிலும் ஒரு பங்கை முடிந்த கட்டுரைக்கும், ஒரு பங்கை மாணவர் கேட்ட நல்ல வினாக்களுக்கும் அளிக்கலாம். சிறுவரின் முழுப் பெயர், முகவரி, ஒளிப்படம் என்பன பொதுப் பக்கங்களில் இடம்பெறாமற் காப்பதும், குழுவில் அறியாதோர் நுழையாதபடி பார்ப்பதும் ஆசிரியரதும் பெற்றோரதும் கடன்.

கட்டுரை முடிந்ததும் அதனை உரத்து வாசித்துக் கேட்டல் மிக நன்று. கண்ணுக்கு அழகாகத் தோன்றிய நீண்ட வாக்கியம், மூச்சு முட்டும்போது தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும். குரலைப் பதிவுசெய்து தோழருக்கு அனுப்பினால், உச்சரிப்பும் சீர்ப்படும். வானொலிக்கு எழுதுவோர் நாளும் கையாளும் உபாயம் இது என்பதை நேயர்கள் அறிவர்.

இவையெல்லாம் இணைய வசதியுள்ளோர்க்கன்றோ என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளும், தொலைபேசியே இல்லாத வீடுகளும் இருந்தன. மலைக் கிராமங்களிற் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் பாறை உச்சிகளுக்கு ஏறினர். அவ்வாறு பெற்ற பாடமும் பெரும்பாலும் ஒருவழிப் பாடமே. ஆசிரியர் தாளைப் படம் பிடித்து அனுப்பினார், பிள்ளை பார்த்தெழுதியது. ஒருவருக்கொருவர் எழுதும் வாய்ப்பு அதில் அரிது.

ஆயினும் கூடி எழுதுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எழுத்து மட்டுமே செல்லும் பக்கத்துக்கு, காணொளிப் பாடத்துக்கு வேண்டிய தரவில் மிகச் சிறு பகுதியே போதும். பாடசாலையில் ஒரேயொரு கணினி இருந்தாலும், குழுக்கள் முறைவைத்து அமர்ந்து எழுதலாம். அதுவும் இல்லாத இடத்தில், ஒரு கொப்பியை ஐவர் கையிற் சுற்றவிட்டு, வலப்பக்கத்திற் கட்டுரையும் இடப்பக்கத்தில் வினாக்களும் எழுதச் செய்யலாம். தமிழ்ப் பாடசாலைகளில் முன்பு மாணவர் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைகள் இவ்வகையானவையே. அச்சேறாத அவ்வேடுகளில் எழுதிப் பழகியவர் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். கருவியின்றியும் முறை வாழும். முறையின்றிக் கருவி வாழாது.

வன்னி மாணவனின் கட்டுரைக்கு மீண்டும் வரலாம். ஐவர் மூன்று கிழமை எழுதிய அக்கட்டுரை, கொப்பியில் இருந்த கட்டுரையைவிட நீளமானதன்று. ஆனால் குளத்தை ஒருபோதும் காணாத கொழும்பு மாணவி, வான் பாய்வதைத் தன் வகுப்புத் தோழியருக்கு இப்போது விளக்கிச் சொல்லக் கூடும். அவள் சொன்ன விளக்கம் சரிதானா என்று வன்னி மாணவன் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். பவணந்தியார் கணக்கில் எஞ்சிநின்ற முக்காற் பங்கை அவ்விருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொண்டனர். ஆசிரியரின் மேசைமீது அன்று கொப்பிகள் குறைவு. அவர் சிவப்புப் பேனையை வைத்துவிட்டு, மாணவர் கேட்ட வினாக்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறார்.